பழைய பைக் வாங்கும்போது வண்டிக்கு முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள்

முதல் வேலையில் சேர்த்த பணத்திலோ, வீட்டில் கேட்டு வாங்கிய நாற்பது ஐம்பதாயிரத்திலோ ஒரு பழைய ஸ்ப்ளெண்டரோ பல்சரோ வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஜின் சத்தம், புகை, டயர், செயின் இதையெல்லாம் பார்த்துச் சொல்ல எல்லாருக்கும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். ஆனால் அந்த வண்டி யாருடையது, அதன் மேல் கடன் இருக்கிறதா, போலீஸ் தேடுகிறதா, உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை மெக்கானிக் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. இன்ஜினில் கோளாறு என்றால் செலவு பண்ணிச் சரிபார்த்து ஓட்டலாம். பெயர் மாறாத வண்டியை வாங்கினால் கொடுத்த பணத்துக்கு உங்கள் கையில் இருப்பது ஒரு சாவி மட்டும்தான்.

மோட்டார் வாகனச் சட்டப்படி யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்தீர்கள், சாவி வாங்கினீர்கள், இரண்டு வருடமாக ஓட்டுகிறீர்கள் என்பதால் மட்டும் பதிவேட்டில் நீங்கள் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு கார் விற்கப்பட்டு அடுத்தடுத்துப் பல கை மாறிய பிறகு விபத்து நடந்தது, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பெயர் மாறவே இல்லை, கடைசியில் இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் இருந்த முதல் ஆள்தான் என்றது நீதிமன்றம். விற்கிறவர் பெயர் மாற்றத்துக்குச் சோம்பல் பட்டால் இந்தத் தீர்ப்பை அவரிடம் சொல்லுங்கள். மாற்றாமல் விட்டால் உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று புரிந்ததும் பெரும்பாலானவர்கள் கூடவே வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

போனிலேயே கேட்க வேண்டியவை

விளம்பரம் பார்த்ததும் வண்டியைப் பார்க்க ஓடாதீர்கள். முதலில் போன் பண்ணி, "ஆர்.சி. உங்கள் பேரில்தான் இருக்கா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால் நல்லது. "மச்சான் பேர்ல இருக்கு", "ஃப்ரெண்ட் வண்டி, அவன் வெளிநாட்டுல இருக்கான்", "அப்பா பேர்ல இருக்கு, அவர் தவறிட்டார்" என்று பதில் வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். அடுத்து, எத்தனையாவது ஓனர், பைனான்ஸ் இருக்கிறதா, டியூ முடிந்துவிட்டதா, ஒரிஜினல் ஆர்.சி. கையில் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, இவ்வளவும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டி நம்பரை வாங்குங்கள். நம்பர் கொடுக்கத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை, ஏனென்றால் வண்டி நம்பர் ரோட்டில் போகிற எல்லாருக்கும் தெரிகிற விஷயம்.

போனில் சொன்னதையும் பதிவேட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கேள்விகள். வண்டியில் சின்னக் குறை இருந்து அதை மறைப்பவரைக்கூட மன்னிக்கலாம், ஆர்.சி. விஷயத்தில் பொய் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று. ஆன்லைனில் மிகக் குறைந்த விலை போட்டு, தான் ராணுவத்தில் இருப்பதாகவும் இடமாற்றல் வந்துவிட்டதாகவும் சொல்லி, அடையாள அட்டைப் படமெல்லாம் அனுப்பி, "வண்டியைப் பார்சலில் அனுப்புறேன், முன்பணம் போடுங்க" என்று கேட்கிற கூட்டம் பல வருடமாக இயங்குகிறது. கண்ணால் பார்க்காத வண்டிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு உண்டு.

நம்பர் கிடைத்ததும் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்

எம்பரிவாகன் செயலியை இறக்கி உங்கள் மொபைல் எண்ணைப் பதிவு செய்துகொண்டு வண்டி நம்பரைப் போடுங்கள், பரிவாகன் இணையதளத்திலும் இதே விவரம் வரும். உரிமையாளர் பெயர் முழுதாக வராது, நடுவில் நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். ஆனாலும் சில எழுத்துகள் தெரியும், விற்கிறவர் சொன்ன பெயரோடு பொருந்துகிறதா என்று பார்க்க அது போதும்.

இங்கே வருகிற ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆர்.சி. நிலை 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும். என்.ஓ.சி., அதாவது தடையின்மைச் சான்று, கொடுக்கப்பட்டது என்று இருந்தால் வண்டி வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்கு மாறுவதற்காகக் கோப்பு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், எந்த ஊருக்கு, யாருக்காக என்று கேளுங்கள். பிளாக்லிஸ்ட் என்ற இடத்தில் ஏதாவது இருந்தால் அது தீரும் வரை பெயர் மாறாது. பைனான்சியர் பெயர் இருந்தால் கடன் இன்னும் பதிவில் இருக்கிறது. பதிவு தேதியையும் வண்டி தயாரான மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள், சில மாத இடைவெளி சகஜம், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் ஷோரூமில் தேங்கிக் கிடந்த வண்டியா என்று கேட்கலாம். பி.எஸ். 4 என்ற பழைய புகை விதிமுறைப்படி தயாரான வண்டிகளின் விற்பனை 2020 மார்ச் 31-ஓடு முடிந்தது, அதற்கு ரொம்ப நாள் கழித்து ஒரு பி.எஸ். 4 வண்டி முதல்முறையாகப் பதிவாகியிருப்பதாக ஆர்.சி.யில் இருந்தால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள்.

பைக்கின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். பேச்சு வழக்கில் இதை எஃப்.சி. என்று சொல்வார்கள். அந்தத் தேதி முடிந்திருந்தால் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் புதுப்பித்த பிறகுதான் மற்ற வேலை. 2022 ஏப்ரல் முதல் பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் 1000 ரூபாய் ஆனது, 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டில் அது 2000 ரூபாயாக உயர்ந்தது, தாமதத்துக்கு மாதாமாதம் அபராதம் சேரும், தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. நாலைந்து வருடம் புதுப்பிக்காமல் கிடந்த வண்டியை "சும்மா கொடுக்கிறேன்" என்றாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எடுக்காதீர்கள். யமஹா ஆர்.எக்ஸ். 100 தேடுகிற தம்பிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த வண்டியின் தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது, ஆக இன்று ஓடுகிற ஒவ்வொன்றும் புதுப்பித்த பதிவோடுதான் ஓட முடியும், அதற்கிருக்கும் மவுசினால் ஒரு வண்டியின் ஆர்.சி.யை இன்னொரு வண்டியின் பிரேமுக்குப் பொருத்துகிற வேலையும் நடக்கிறது. அந்தக் காலப் பதிவுகள் நோட்டுப் புத்தகத்தில் இருந்தவை, கம்ப்யூட்டரில் ஏறாமலே விட்டுப்போன வண்டிகள் உண்டு. எம்பரிவாகனில் நம்பர் போட்டு எதுவும் வரவில்லை என்றால், விற்கிறவர் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அபராதம் பார்க்க இ-சலான் தளம் தனியாக இருக்கிறது. வண்டி நம்பரோடு சேசிஸ் (வண்டியின் பிரேம்) அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி இலக்கங்களும் கேட்கும், அதனால் ஆர்.சி.யின் படத்தை வாங்கிய பிறகு இதைச் செய்யலாம். ஹெல்மெட் அபராதம் ரெண்டு மூன்று இருந்தால் கட்டச் சொல்லிவிட்டு மேலே போகலாம். ஒருபோதும் போகாத ஊரில், வண்டி வீட்டில் இருந்ததாகச் சொல்கிற நாளில் அபராதம் விழுந்திருந்தால், இதே நம்பரில் இன்னொரு வண்டி ஓடுகிறதா என்ற சந்தேகம் வர வேண்டும், உரிமையாளர் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

திருட்டு வண்டியா என்று பார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தேடல் வசதி இருக்கிறது. டிஜிட்டல் போலீஸ் தளத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்து உள்ளே போய், வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் மூன்றையும் போட்டால், நாடு முழுக்கப் பதிவான திருட்டு வாகனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு ஒரு சான்று தரும், அதை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயம், நேற்று இரவு திருடிய வண்டி இன்று காலை அந்தப் பட்டியலில் இருக்காது. அதனால் சான்று வந்துவிட்டது என்று அடுத்த வேலையைத் தவறவிடக் கூடாது. அடுத்த வேலை என்று நான் சொல்வது சேசிஸ் நம்பரைக் கண்ணால் பார்ப்பது.

பிரேமில் அடித்திருக்கிற நம்பர்

நம்பர் பிளேட் மாற்றுவது பத்து நிமிட வேலை. சேசிஸ் நம்பர் பிரேம் இரும்பிலேயே அடித்திருப்பது. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஹெட்லைட்டுக்குப் பின்னால், பிரேமின் கழுத்துப் பகுதியில் வலது பக்கம் இருக்கும். இன்ஜின் நம்பர் கீழே இன்ஜின் உறையில் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் அப்பியிருக்கும். ஒரு பழைய துணி, கொஞ்சம் பெட்ரோல், போன் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், முடிந்தால் ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்கட்டும். கடைசி நாலு இலக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் "சரி" என்று சொல்வது எல்லாரும் செய்கிற வேலை, முழுதும் பாருங்கள்.

இப்போதைய வண்டிகளில் சேசிஸ் நம்பர் 17 எழுத்து. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காக. முதல் மூன்று எழுத்து தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். ஹீரோவுக்கு எம்.பி.எல்., ஹோண்டாவுக்கு எம்.இ. 4, பஜாஜுக்கு எம்.டி. 2, டி.வி.எஸ்.ஸுக்கு எம்.டி. 6, ராயல் என்ஃபீல்டுக்கு எம்.இ. 3 என்று தொடங்கும். டி.வி.எஸ். வண்டியில் வேறு எழுத்தில் தொடங்குகிற நம்பரைப் பார்த்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். ரொம்பப் பழைய வண்டிகளில் 17 எழுத்து இருக்காது, அதை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

நம்பர் பொருந்தினால் மட்டும் போதாது, அடித்த விதத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனியில் மெஷின் அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கும். ஒரு எழுத்து மேலேறியும் ஒன்று சாய்ந்தும் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் இரும்பு தேய்ந்து பளபளப்பாக இருந்தால், சுற்றிலும் பழைய பெயின்டாக இருக்க அங்கே மட்டும் புதுப் பெயின்டாக இருந்தால், பக்கத்தில் வெல்டிங் தடம் தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அச்சாக விழும், பெயர் மாற்றப் படிவத்துக்கும் இந்தப் பென்சில் அச்சைக் கேட்பார்கள், அதனால் அப்போதே எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் பென்சிலில் தெரிந்துவிடும்.

இன்ஜின் நம்பர் மட்டும் மாறியிருந்தால் இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள். முறைப்படி ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் தப்பில்லை. ஏற்றவில்லை என்றால் அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீது வேண்டும். திருடிய வண்டி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் தனிக் குற்றம். "எனக்குத் தெரியாது சார்" என்று ஸ்டேஷனில் சொல்லும்போது, வாங்குவதற்கு முன் நீங்கள் என்னென்ன சரிபார்த்தீர்கள் என்பதுதான் உங்களைக் காப்பாற்றும். அந்தச் சான்று, படங்கள், பென்சில் அச்சு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகள் எல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடுதான் வரும், அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரில் பொறித்த தனி எண்ணும் அதில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் சாதாரண பிளேட் மாட்டியிருந்தால் பழையது எங்கே என்று கேளுங்கள். ஸ்டைலுக்காக மாற்றியவர்கள் பழைய பிளேட்டை வீட்டில் வைத்திருப்பார்கள்.

கடன்

தமிழ்நாட்டில் பழைய பைக் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்களில் நான் பார்த்த வரைக்கும் திருட்டு வண்டியில் மாட்டியவர்கள் குறைவு, டியூ முடியாத வண்டியில் மாட்டியவர்கள்தான் அதிகம். ஆர்.சி.யில் பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கு அந்த நிறுவனம் கொடுக்கும் தடையின்மைக் கடிதமும், நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். "லோன் எப்பவோ முடிஞ்சது, ஹெச்.பி. மட்டும் கேன்சல் பண்ணல" என்பார்கள், ஹெச்.பி. என்பது ஆர்.சி.யில் இருக்கும் அந்தக் கடன் பதிவு. உண்மையாகவே பலர் இதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள், அது மோசடி இல்லை. ஆனால் அந்த வேலையை அவர்தான் முடிக்க வேண்டும். கடிதத்தில் காலக்கெடு போட்டிருந்தால் அது தாண்டிவிட்டதா என்று பாருங்கள், தாண்டியிருந்தால் அவர் புதுக் கடிதம் வாங்க வேண்டும். அந்தப் பைனான்ஸ் நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போயோ, அவர்களுடைய பொது எண்ணுக்கு அழைத்தோ கடித எண்ணைச் சொல்லி உண்மையானதுதானா என்று உறுதி செய்யுங்கள். விற்கிறவர் கொடுக்கிற மேனேஜர் நம்பருக்கு அழைத்துப் பயனில்லை.

டியூ பாக்கி இருக்கிற வண்டியை "மீதி டியூவை நீங்க கட்டிக்கங்க" என்று கை மாற்றுவதும் நிறைய நடக்கிறது. வேண்டாம். நீங்கள் மாதாமாதம் கட்டினாலும் கடன் அவர் பெயரில், வண்டி அவர் பெயரில். கட்டத் தவறி, சீசிங் ஆட்கள் நடுரோட்டில் வண்டியை எடுத்துக்கொண்டு போனால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க உங்கள் கையில் எந்தக் காகிதமும் இருக்காது.

பதிவில் தெரியாத கடனும் உண்டு. ஆர்.சி.யைத் தனியாரிடம் அடகு வைத்து இருபதாயிரம் முப்பதாயிரம் வாங்கியிருப்பார்கள், இது பரிவாகனில் வராது. அதனால்தான் ஒரிஜினல் ஆர்.சி.யை முதல் சந்திப்பிலேயே கையில் வாங்கிப் பார்க்கச் சொல்கிறேன். "தொலைஞ்சு போச்சு" என்றால் சரி, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணம் என்று பதிவு செய்து, படிவம் 26-ல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு வரட்டும், அதுவரை காத்திருப்பதாகச் சொல்லுங்கள். உண்மையிலேயே தொலைத்தவர் சில வாரத்தில் வாங்கிவிடுவார்.

யார் கையெழுத்துப் போடுகிறார்

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் விற்பவராகக் கையெழுத்துப் போட முடியும், அதை உங்கள் கண் முன்னால் போட வேண்டும், அவருடைய பான் கார்டில் இருக்கிற கையெழுத்தோடும் போட்டோவோடும் நீங்கள் ஒப்பிட வேண்டும். டிஜிலாக்கரில் அல்லது எம்பரிவாகனில் தன்னுடைய ஆர்.சி.யை அவர் போனிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்தின் போது பதிவில் இருக்கிற மொபைலுக்கு ஓ.டி.பி. போகும், அந்த நம்பர் இப்போது அவரிடம் இருக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். பழைய நம்பர் என்றால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் "ஓப்பன் 29, 30 இருக்கு, எப்ப வேணா மாத்திக்கலாம்" என்பார்கள். முதல் ஓனர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், வண்டி இரண்டு மூன்று கை மாறி உங்களிடம் வரும். நீங்கள் மாற்றப் போகும்போது அவர் ஊர் மாறியிருப்பார், போன் நம்பரை மாற்றியிருப்பார், ஓ.டி.பி. யாரிடம் கேட்பது? கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அது வேறு. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, வண்டியைக் கடையில் ஒப்படைக்கும்போது உரிமையாளர் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும், அதன்பின் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால், பெயர் மாறி ஆர்.சி. வந்த பிறகுதான் முழுப் பணம் என்று எழுதி வாங்கிக்கொண்டு மட்டும் பேசுங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால் அவருடைய மகன் சாவியைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வது செல்லாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இவற்றோடு படிவம் 31 கொடுத்து முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும், பிறகு அவர் உங்களுக்கு விற்கலாம். துக்கத்தில் இருக்கிற வீட்டில் இதைக் கேட்பது சங்கடமாக இருக்கும். ஆனாலும் மெதுவாகச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும், நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்து "எனக்கும் பங்கு உண்டு" என்று நிற்கும்போது அந்தச் சங்கடம் இன்னும் பெரிதாக இருக்கும்.

ஏலத்தில் எடுத்த வண்டிகள் தனி வகை. மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதல் செய்த பைக்குகளை மாவட்டந்தோறும் போலீஸ் பொது ஏலம் விடுவது அடிக்கடி செய்தித்தாளில் வரும், அங்கே எடுத்து வெளியில் விற்கிறவர்கள் உண்டு. ஏல உத்தரவு, பணம் கட்டிய ரசீது, படிவம் 32 மூன்றும் இருக்கிறதா, எடுத்தவர் தன் பெயருக்கு மாற்றிவிட்டாரா என்று பாருங்கள். பைனான்ஸ் கம்பெனி சீஸ் பண்ணி விற்கிற வண்டிக்கும் கம்பெனியின் காகிதம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

பாண்டிச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து படிவம் 28 மூலம் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வாழ்நாள் வரியை வண்டியின் வயதுக்கு ஏற்பக் கட்டி, டி.என். நம்பர் வாங்க வேண்டும். என்.ஓ.சி.யை விற்கிறவரே எடுத்துத் தர வேண்டும், அதில் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. பெயர் சரியாக இருக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் சேர்த்தால் உள்ளூர் வண்டியைவிட மலிவா என்பது அப்போதுதான் தெரியும்.

வண்டி என்ன பாடுபட்டது

உரிமை சரி என்றால் வரலாறு பார்க்கலாம். இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி நோ க்ளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். வருடத்துக்கு வருடம் க்ளெய்ம் வாங்காமல் இருந்தால் சேதக் காப்பீட்டு பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். நாலு வருட வண்டி, "ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்கிறார், போனஸ் பூஜ்யம் என்றால் சமீபத்தில் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார், அல்லது பாலிசியை 90 நாளுக்கு மேல் விட்டிருக்கிறார், எது என்று கேளுங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற பைக்குகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வரும், அதை வைத்து "இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கு" என்பார்கள். வண்டிக்கான சேதக் காப்பீடு தனி, அது பல வண்டிகளில் இரண்டாவது வருடமே நின்றுபோயிருக்கும்.

கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பர் சொன்னால் ஒவ்வொரு சர்வீசின் போதும் குறித்த கிலோமீட்டர் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு போனால் எடுத்துக் காட்டுவார்கள். மீட்டர் 18,000 காட்டுகிறது, கால் வைக்கும் ரப்பரும் பிரேக் பெடலும் தேய்ந்து வழுக்குகிறது என்றால் எதையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் பெய்த பெருமழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் நிறைய வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. அவற்றில் சரி செய்து வெளியூரில் விற்கப்பட்டவையும் இருக்கும். அந்தப் பகுதிப் பதிவு எண் கொண்ட, அந்த மழைக்கு முன் பதிவான வண்டி என்றால், சர்வீஸ் பதிவில் 2023 டிசம்பர், 2024 ஜனவரியைப் பாருங்கள், சீட்டைக் கழற்றி ஒயர் சேரும் இடங்களில் பச்சைப் பூஞ்சை மாதிரி துரு, மூலைகளில் காய்ந்த வண்டல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூழ்கிய வண்டி வாங்கவே கூடாது என்றில்லை, விலையில் அது தெரிய வேண்டும்.

பணம் கொடுக்கும் நாள்

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதென்றால் சின்னத் தொகையாகக் கொடுங்கள், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், வண்டி நம்பரையும் "பெயர் மாற்றம் ஆகாவிட்டால் திருப்பித் தருகிறேன்" என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதிப் பணமும் வங்கி வழியாகவே போகட்டும். வேறொருவர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் இரண்டு பிரதி போடுங்கள், தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அன்று மாலை நான்கு மணி வரை நடந்தது அவர் பொறுப்பு, அதற்குப் பின் உங்கள் பொறுப்பு என்று பிரித்துக் காட்டுவது அந்த நேரம்தான். சாவி இரண்டும், ஒரிஜினல் ஆர்.சி., பாலிசி, புகைச் சான்று, கையெழுத்தான 29, 30, தேவைப்பட்டால் 35 எல்லாம் அன்றே கைக்கு வர வேண்டும்.

பெயர் மாற்றத்தை இழுக்காதீர்கள். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். மத்திய விதிப்படி பைக் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200, அதன் மேல் சேவைக் கட்டணம். ஏஜென்ட் மூலம் போவதென்றாலும் விண்ணப்ப எண்ணை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு பரிவாகனில் நீங்களே பாருங்கள். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், மாற்றாமல் வண்டி திருடு போனாலோ உடைந்தாலோ சேதக் காப்பீட்டுப் பணம் கேட்க முடியாது. பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி. ஸ்பீட் போஸ்டில்தான் வீட்டுக்கு வருகிறது. அதனால் விண்ணப்பத்தில் முகவரியும் மொபைல் எண்ணும் சரியாக இருக்க வேண்டும், வீடு பூட்டியிருந்தால் கார்டு திரும்பிப் போய்விடும். வந்ததும் உங்கள் பெயர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பைனான்ஸ் பெயர் நீங்கியிருக்கிறதா என்பதை முன்பு எடுத்த பென்சில் அச்சோடு வைத்து மறுபடி சரிபாருங்கள். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அந்த வாரமே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்த விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.